சிப்பிக்கோட்டை, திருத்திய பதிப்பு

மேட்டுத்துறையில் கோட்டை வாசல் முளைத்த அன்றைக்கு மாதாந்திர மின்தடை, அதனால் மாவுமில் ஓடவில்லை, மில் ஓடாததால் கம்பும் மிளகாயும் அரைக்க வந்த பெண்களுக்கு வேடிக்கை பார்க்க நேரம் இருந்தது. இல்லாவிட்டால் தெற்குத் தெருவில், கிளை நூலகத்துக்கும் மில்லுக்கும் நடுவே, நேற்றுவரை எருக்கஞ்செடி மட்டும் நின்ற இடத்தில், சிப்பி பதித்த உயரமான வளைவும் அதற்குள் இரும்புக் குமிழ் வைத்த பனங்கட்டைக் கதவும் நிற்பதை ஊர் கவனிக்க இன்னும் சில நாள் ஆகியிருக்கும். மதில் கிடையாது, கோட்டை கிடையாது, வாசல் மட்டும். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் மில்லின் பின்சுவரும் அங்கே காயப்போட்ட கோணிகளும்தான். வாசலுக்கு முன்னால் ஒரு முக்காலி, முக்காலியில் தலைப்பாகை கட்டிய ஒரு ஆள், கையில் ஈட்டி, காலடியில் ஒரு ஜோடி தாயக்கட்டை. யார் கிட்டே போனாலும் அவர் சொன்னது ஒன்றுதான்.

"தாயம் போட்டா உள்ள. இல்லேன்னா வெளிய."

வாசல் எங்கிருந்து வந்தது என்று ஊர் ரொம்ப நேரம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கடல் கொண்டுவந்து தள்ளிய திமிங்கிலத்தையும், ஒரு தேர்தலுக்குத் தொடங்கி அப்படியே அந்தரத்தில் நின்றுபோன பாலத்தையும் பார்த்த ஊர் அது. முதலில் பால்காரர் சைக்கிளை வளைவில் சாத்தினார், அது சாயாமல் நின்றதால் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது, மத்தியானத்துக்குள் இடப்பக்கம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின, வலப்பக்கம் யாரோ மெழுகுவத்தி ஏற்றிவைத்தார்கள், சாயங்காலம் ஒருவன் கதவில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்ட வந்து, ஈட்டி நீண்டதும் பசை வாளியைப் போட்டுவிட்டு ஓடி, மறுநாள் வந்து பவ்யமாக வாளியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். நகராட்சி ஆட்கள் நாடா பிடித்து அளந்தார்கள். சாக்கடையை மறிக்கவில்லை, ஆகவே ஆக்கிரமிப்பு இல்லை என்று தங்களுக்குள் பேசி முடித்து டீ குடித்துவிட்டுப் போனார்கள். அந்த வாரக் கடைசிக்குள் காவல்காரர் 'கேட்டுக்கார அண்ணாச்சி' ஆகிவிட்டார். ஈட்டி வைத்திருக்கிற ஆள் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று மில்லுக்கு வந்த பெண்கள் தங்கள் சாக்குகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கடைகண்ணிக்குப் போய்வந்தார்கள். ஒரு சாக்கு குறைந்ததில்லை.

ஊரில் அவரைப் பார்த்த கணமே யாரென்று தெரிந்துகொண்டவள் ஒருத்திதான். எதிர்ச்சாரியில் அச்சகம் வைத்திருக்கும் சந்தனமாரி. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கட்சி நோட்டீசு என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அவளுடைய கணினியில் எழுத்தாகித்தான் வெளியே வரும். வாசல் முளைத்த அன்று காலை கடையின் இரும்புக்கதவைத் தூக்கியவள், எதிரே முக்காலியைப் பார்த்தாள், தலைப்பாகையைப் பார்த்தாள், தூக்கிய கதவைக் கைவிட்டாள். அது தடாலென்று இறங்கியது.

"வந்துட்டியளா?" என்றாள்.

"வராம? நேத்து நீதான எழுத ஆரம்பிச்ச" என்றார் அவர்.

அது உண்மைதான். முந்தின நாள்தான் அவள் சிப்பிக்கோட்டையின் முதல் பக்கத்தைக் கணினியில் அடித்து முடித்திருந்தாள்.

சிப்பிக்கோட்டை என்பது ஒரு விளையாட்டு. சந்தனமாரி பாவாடை சட்டை போட்ட காலத்தில், சரக்குக் கப்பலில் வேலை பார்த்த செல்வின் என்கிற அண்ணன் ஏதோ ஒரு துறைமுகத்தில் இதைப் போன்ற ஒன்றை ஆடப் பார்த்து, அந்த நாட்டு ராட்சதர்களையும் பனிமலைகளையும் அங்கேயே விட்டுவிட்டு, விளையாடுகிற விதத்தை மட்டும் மனதில் கொண்டுவந்து, நம் ஊர்க் கடலையும் மணலையும் போட்டுத் தானே ஒரு கதை கட்டினார். காய் கிடையாது, கட்டம் கிடையாது. ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்ளுவார்கள்: வாள்வீரன், முத்துக்குளிப்பவன், மருத்துவச்சி. 'இப்ப என்ன செய்யப்போற?' என்று கதைசொல்லி கேட்பார். செய்ய நினைத்ததைச் சொல்ல வேண்டியது, அது பலிக்குமா பலிக்காதா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். அந்த நாட்டுக்காரர்கள் பல முகம் வைத்த கட்டைகளை உருட்டினார்களாம். செல்வின் அண்ணன் வீட்டில் இருந்தது பித்தளைத் தாயக்கட்டை. தாயக்கட்டை வந்தால் கூடவே தாயத்தின் சட்டமும் வராமல் இருக்குமா? தாயம் விழுந்தால்தான் காய் களத்தில் இறங்கும் என்பது நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த நியாயம். ஆகவே ஒரு கட்டையில் ஒன்று, மறு கட்டையில் வெறுமை என்று தாயம் விழுந்தால்தான் கோட்டைக் கதவு திறக்கும், ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரே ஒரு வீச்சு, விழாதவர் அன்று முழுக்க வாசலுக்கு வெளியே என்று அவர் எழுதிவைத்தார். இன்னொன்றும் எழுதிவைத்தார்: உள்ளே போனவன் பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது.

அந்தக் கோடை விடுமுறை முழுக்கச் சந்தனமாரிக்குத் தாயம் விழவில்லை. கூட விளையாடிய லிங்கதுரைக்கு முதல் வீச்சிலேயே விழுந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள். அவள் மட்டும், கட்டையைக் கண்ணில் ஒற்றி உருட்டினாலும் இரண்டு, பிள்ளையாரை வேண்டிக்கொண்டு உருட்டினாலும் மூன்று. உள்ளே நடப்பதை அவள் கேட்கக்கூடாது என்பதால் அவளை வேப்பமரத்தடியில் தள்ளி உட்காரவைத்துவிடுவார்கள். செல்வின் அண்ணனுக்கு மனசு கேட்காது. உள்ளே இருப்பவர்கள் அடுத்து என்ன செய்வது என்று தங்களுக்குள் அடித்துக்கொள்ளும் சமயம் பார்த்து எழுந்து வந்து, 'சரி, வாசல்ல காவக்காரன் இருக்கான், அவன்ட்ட எதாவது கேளு' என்பார். அவள் கேட்பாள். அவர் காவல்காரனின் குரலில் வாய்க்கு வந்ததைச் சொல்லுவார். உங்களுக்குக் கல்யாணம் ஆயிட்டா? ஆயிட்டு, அவ உள்ள இருக்கா. அவங்க பேரு? முத்துவடிவு. இப்ப என்ன செய்யுதாவ? கருவாட்டுக் கொழம்பு வச்சுட்டு எனக்காகக் காத்திருக்கா. நீங்க ஏன் போகல? காவல் இருக்குல்லா, எப்படிப் போவ?

அந்தக் கடைசிப் பதில் அன்றைக்கே அவளை உறுத்தியது. பிறகு பெரியவளாகி, கல்யாணமாகி, அச்சகம் வைத்து, செல்வின் அண்ணன் இறந்த சேதி கேட்டு அழுது, அவருக்கு அஞ்சலி நோட்டீசும் தானே அடித்தாள். அந்தக் காவல்காரன் வீட்டுக்குப் போனானா என்று மட்டும் அவளுக்குத் தெரியவே இல்லை.

இந்த வருஷம் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஏதாவது நடத்துங்கள் என்று கேட்டபோது, செல்வின் அண்ணன் எழுதிவைத்த பழைய சிப்பிக்கோட்டையை அவள் அப்படியே நகல் எடுத்துக் கொடுத்தாள். பிள்ளைகள் ஆசையாகத்தான் வந்தார்கள். தாயம் விழுந்தவர்கள் உள்ளே போய்த் தங்களுக்குத் தோன்றியதை வைத்து ஆடினார்கள். உப்பளத்துக் குடியிருப்பிலிருந்து நடந்து வருகிற நிஷாந்தி என்ற பெண்ணுக்குத் தாயம் விழவில்லை, அடுத்த வாரமும் விழவில்லை, அதற்கடுத்த வாரமும் ஜன்னலோரம் உட்கார்ந்து மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு வரவில்லை. சந்தனமாரி அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். 'இத நான் மாத்தாம விடமாட்டேன்' என்று வாய்விட்டே சொன்னாள். அன்றைக்கே கணினியில் உட்கார்ந்தாள். மறுநாள் காலை வாசல் வந்து நின்றது.

"நீ திருத்தி எழுதுத. நல்லா எழுது" என்றார் காவல்காரர். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தங்கச்சி. நான் வீட்டுக்குப் போவணும். கொழம்பு வச்சுட்டு இருக்கான்னு அன்னைக்கு உன்ட்ட சொன்னேன். அவ இன்னும் அங்கனயேதான் இருப்பா. என் காலு இந்தப் படி தாண்டமாட்டேங்குது. எழுத்து அப்படி இருக்கு."

"போவிய. நான் அனுப்புதேன்" என்றாள் சந்தனமாரி. வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த வாக்கை மீறுகிற பழக்கம் அவளுக்குக் கல்யாணப் பத்திரிகையிலேயே கிடையாது, இதிலா மீறப்போகிறாள்.

முதலில் அவள் செய்தது எல்லாரும் செய்யக்கூடியதுதான். வாசல்தானே தொல்லை, வாசலே வேண்டாம், கதை கோட்டைக்குள்ளேயே தொடங்கட்டும் என்று வாசல் வருகிற பகுதியை மொத்தமாக நீக்கிவிட்டு ஒரு புரூஃப் எடுத்தாள். தாள் இயந்திரத்திலிருந்து வெளியே வந்து விழுந்த நேரத்தில் எதிரே வளைவில் யாரோ கட்டியிருந்த ஆடு கயிற்றோடு மூடிய கதவை ஊடுருவி நடந்து போனது. டீக்கடைக்காரர் நீட்டிய கிளாஸ் காவல்காரரின் கையில் நிற்காமல் நழுவி உடைந்தது. அவருடைய தலைப்பாகை வழியாகப் பின்னால் இருந்த மில் சுவர் தெரிந்தது. மில்லுக்கு வந்திருந்த பெண்கள் எல்லாரும் அச்சகத்துக்கு ஓடி வந்தார்கள். "ஏ மாரி, என்னட்டி செஞ்ச? அண்ணாச்சி கரையுதாவ!" என்று ஒருத்தி கத்தினாள். எங்கள் சாக்குகளை இனி யார் பார்ப்பார்கள் என்று இன்னொருத்தி அழுதாள். அவள் அழுகையில் சாக்கு பாதி, அண்ணாச்சி பாதி. சந்தனமாரி புரூஃபைச் சுக்குநூறாகக் கிழித்தாள். கிழிக்கக் கிழிக்க அவர் கெட்டியானார்.

வாசலை எடுக்க முடியாது என்று தெரிந்துபோயிற்று. அடுத்து அவள் ஒரே ஒரு வரி சேர்த்தாள்: காவல்காரன் எழுந்து கதவைத் திறந்து உள்ளே போகிறான். இதைவிடச் சுலபமாக ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்ப முடியுமா?

தெருவே கூடி நின்று பார்த்தது. அவர் முக்காலியிலிருந்து எழுந்தார், வேட்டியை உதறிக் கட்டினார், கதவைத் தள்ளி உள்ளே போனார். போன கையோடு வளைவிலிருந்து சிப்பிகள் உதிர ஆரம்பித்தன, கதவு கீலிலிருந்து தொங்கியது, காவல் இல்லாத வாசல் கண்முன்னே பாழடையத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் மில்லைச் சுற்றிக்கொண்டு அவரே திரும்பி வந்தார். தோளெல்லாம் மாவு. முக்காலியில் அவர் உட்கார்ந்ததும் சிப்பிகள் உதிர்வது நின்றது.

"உள்ள ஒண்ணுமே இல்ல தங்கச்சி" என்றார். "மில்லு சொவருதான் இருக்கு."

கூட்டத்தில் பலர் மெல்ல நழுவப் பார்த்தார்கள். ஏனென்றால் இத்தனை நாளில் ஊரில் பாதிப் பேர் வேலை மெனக்கெட்டு வந்து தாயக்கட்டையை உருட்டியிருந்தார்கள், அதில் பலருக்குத் தாயம் விழுந்தும் இருந்தது, விழுந்தவர்களுக்குக் கதவு திறந்தது, அவர்கள் உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டவர்களிடம், 'அதெல்லாம் சொல்லப்படாது, சட்டம்' என்று மீசையைத் தடவிக்கொண்டு போயிருந்தார்கள். பால்காரர் தலையைக் குனிந்துகொண்டார். டீக்கடைக்காரருக்குத் திடீரென்று பால் பொங்குகிற ஞாபகம் வந்தது. ஊரில் பாதி, மில் சுவரைப் பார்த்துவிட்டு வந்து, கோட்டையைப் பார்த்ததுபோல நடந்துகொண்டிருந்தது. மீதிப் பாதி அவர்களைப் பார்த்துப் பொறாமையில் வெந்துகொண்டிருந்தது. யார் யாரைத் திட்டுவது?

சந்தனமாரிக்கு மட்டும் வேறொன்று புரிந்தது. செல்வின் அண்ணன் வாசல்வரைதான் எழுதியிருந்தார். உள்ளே இருந்ததெல்லாம் அவர் தலையில் இருந்தது, தலை போய்விட்டது. உள்ளே என்ன என்று யாராவது சொன்னால்தான் எழுத முடியும், எழுதினால்தான் உள்ளே ஏதாவது இருக்கும், இருந்தால்தான் முத்துவடிவு அங்கே இருப்பாள். நேரே செருப்பை மாட்டிக்கொண்டு லிங்கதுரையின் கடைக்குப் போனாள்.

லிங்கதுரை ஊரில் பெரிய மனிதர். கடையின் பெயர் 'தாயம் ஹார்டுவேர்ஸ்'. முதல் வீச்சிலேயே தாயம் விழுந்ததை அவர் வாழ்நாள் முழுக்க ஒரு பட்டம்போலச் சூட்டிக்கொண்டிருந்தார். திருத்திய பதிப்பைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்கு அடிவயிறு எரிந்துகொண்டிருந்தது.

"தாயம் போடாம உள்ள விடுவியாமே? எவனும் நொழையலாம்னா அது கோட்டையா, சத்திரமா? நாங்க ஒழுங்கா தாயம் போட்டுப் போனோம். அவனவன் போட்டுட்டு வரட்டும்" என்றார், ஆணி நிறுத்துக்கொண்டே.

"லிங்கண்ணே, அந்தப் பஞ்சாயத்த அப்புறம் வச்சுக்கிடுவோம். உள்ள என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க."

"சத்தியம் பண்ணியிருக்கு."

"சத்தியம் வாங்குனவரு செத்தே போயிட்டாரு. ஒரு மனுசன் வெளிய ஒக்காந்து பொண்டாட்டிக்கு ஏங்குதான். சொல்லுங்க."

"உள்ள..." என்று லிங்கதுரை கம்பீரமாக ஆரம்பித்தார். "உள்ள போனதும் மொதல்ல ஒரு மண்டபம். மண்டபத்துல..." நிறுத்தினார். தராசைப் பார்த்தார். "மண்டபமா, கெணறா? ஒரு பாம்பு... பாம்பு இல்ல." ஆணிப் பொட்டலம் கையிலிருந்து சரிந்து தரையெல்லாம் சிதறியது. அவர் குனிந்து பொறுக்கவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லாம சொல்லாமப் பத்திரமா வச்சிருந்தேன் மாரி" என்றார் கடைசியில். அந்தப் பெரிய குரல் கீச்சென்று போயிருந்தது. "எங்க வச்சேன்னு தெரியலையே."

வீட்டுக்காரியிடம்கூட அவர் சொன்னதில்லையாம். பெற்ற மகள் மடியில் உட்கார்ந்து கேட்டபோதும் சொல்லவில்லையாம். அன்று கூட ஆடிய மற்றவர்கள் அசலூருக்குப் போய்விட்டார்கள். அவர் அங்கேயே ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்டார். ஒருவருக்கும் ஞாபகமில்லை. அருமையாக இருந்தது என்பது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. சந்தனமாரிக்கு அவர்மேல் கோபம் வரவேண்டியது, வரவில்லை, பாவமாக இருந்தது. அந்தக் கோடையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து யாரைப் பார்த்து வயிறெரிந்தாளோ, அந்த ஆள் அந்தக் கோட்டையிலிருந்து ஒரு கல்லைக்கூடக் கொண்டுவந்திருக்கவில்லை.

திரும்பி வருகிற வழியில் அவள் நடை மெதுவானது, பிறகு நின்றது, பிறகு ஓட்டமானது. ஏனென்றால் அவளுக்கு ஞாபகம் இருந்தது. உள்ளே போகாதவளுக்குத்தான் ஞாபகம் இருந்தது. வாசலில் நின்று அவள் கேட்டதற்கெல்லாம் செல்வின் அண்ணன் சொன்ன பதில்களை யாரும் ரகசியம் என்று சொல்லவில்லை, அதனால் அவள் அன்றன்றைக்கு அம்மாவிடம் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் சொன்னாள், தன் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது சொன்னாள், சொல்லிச் சொல்லி அது தேயாமல் இருந்தது. முத்துவடிவு வீட்டு வாசலில் முருங்கைமரம். கிணற்றுத் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும், அதனால் குழம்புக்கு உப்புக் குறைத்துத்தான் போடுவாள். சுவரில் சாத்திவைத்த ஒரு துடுப்பு, அதன்மேல் தூங்குகிற பூனை. கருவூலத்துச் சாவி ராஜாவிடம் இல்லை, முத்துவடிவின் இடுப்பில் இருக்கிறது, கோபம் வந்தால் சாவியைக் குலுக்குவாள், கோட்டை முழுக்க அந்தச் சத்தம் கேட்கும்.

எழுதினாள். ஊர்க்காரர்களின் பத்திரிகைகள் காத்திருந்தன, ஒரு காதுகுத்துக்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார், அவள் அசையவில்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், கதவு நகராதா என்று அவள் பாட்டுக்கு அடித்து, அழித்து, அடித்தாள். அந்த வாரம் முடிவதற்குள் திருத்திய பதிப்பின் வாசல் பக்கம் இப்படி வந்தது:

'வாசலுக்கு வருகிறவரிடம் காவலில் இருப்பவர் கேட்க வேண்டியது: உள்ளே என்ன இருக்கிறது? வந்தவர் ஒன்று சொல்ல வேண்டும். சொன்னது உள்ளே இருக்கும், கதவு திறக்கும். தாயம் போட்டவர் இரண்டு சொல்லலாம். முக்காலி காலியாக இருக்கக்கூடாது. ஆடுகிற எல்லாரும் முறை வைத்துக் காவல் இருக்க வேண்டும். உள்ளே பார்த்ததை வெளியே வந்து கட்டாயம் சொல்ல வேண்டும்.'

தாயத்துக்கு இரண்டு என்பது லிங்கதுரைக்காகச் சேர்த்தது. மனுஷன் கடைப் பெயர்ப்பலகையை மாற்ற வேண்டாமே.

ஞாயிற்றுக்கிழமை காலை நூலகத்துப் பிள்ளைகளோடு தெருவும் வாசல் முன்னால் கூடியது. நிஷாந்தியைச் சந்தனமாரியே உப்பளத்துக் குடியிருப்புக்குப் போய், 'ஒரே ஒரு தடவ எனக்காக வா' என்று கெஞ்சிக் கூட்டிவந்திருந்தாள். அந்தப் பெண் புதிய பக்கங்களை வழிநெடுகப் படித்துக்கொண்டே வந்தாள். முகம் மட்டும் இறுக்கமாகவே இருந்தது. வாசலுக்குப் போனதும் பழக்கதோஷத்தில் தாயக்கட்டைக்குக் கையை நீட்டினாள்.

காவல்காரர் கட்டையைக் கொடுக்கவில்லை. அவருக்கே அந்தப் புதிய வசனம் வாயில் பழகவில்லை, தடுமாறித்தான் கேட்டார்.

"உள்ள என்ன தாயி இருக்கு? ஒண்ணு சொல்லு."

நிஷாந்தி கதவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அவருடைய ஈட்டி பிடித்துக் காய்த்துப்போன கையைப் பார்த்தாள். வெளியே உட்காரவைக்கப்பட்டவளுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவரைத் தெரியாதா?

"அடுப்பு இன்னும் அணையல" என்றாள். "அந்த அக்கா இன்னும் சாப்பிடல. நீங்க வரணும்னு இருக்காவ."

கதவு திறந்தது. தள்ள ஆள் இல்லாமல், சத்தம் இல்லாமல் திறந்தது. முதலில் வந்தது வாசனைதான். கருவாட்டுக் குழம்பு, புளி கொஞ்சம் தூக்கலாக, உப்புக் குறைவாக. அது மில்லைத் தாண்டி, நூலகத்தைத் தாண்டி, கடைத்தெருவரை போனது, அன்றைக்குச் சைவமாக இருந்த வீடுகளிலெல்லாம் சிறுபிள்ளைகள் அடம்பிடித்தார்கள். மில் சுவர் இருந்த இடத்தில் ஒரு முருங்கைமரம் பூத்து நின்றது. உள்ளே எங்கோ சாவிக்கொத்து குலுங்கியது.

"கோவமா இருக்கா" என்றார் காவல்காரர். சொல்லும்போதே அவர் கண்களில் தண்ணீர் கொட்டியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. முக்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். "நான் எந்திரிச்சா வாசல் இடிஞ்சிருமே தங்கச்சி. பிள்ளையெல்லாம் உள்ள போவணுமே."

"முறைன்னு எழுதியிருக்கு, வாசிக்கலையா? எந்திரிங்க" என்றாள் சந்தனமாரி. ஈட்டியை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினாள். அவர் எழுந்த சூட்டோடு முக்காலியில் உட்கார்ந்தாள். எல்லாரும் வளைவை அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு சிப்பிகூட உதிரவில்லை.

அவர் வாசற்படிக்கு இந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிவைத்தார். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்தார். வலது காலை எடுத்து வைத்தார், அது படியைத் தாண்டியது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் சந்தனமாரி கோபப்பட்டிருப்பாள். நிஷாந்தி அவர் பின்னால் ஓடினாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பிள்ளைகள், வாசலில் நின்று நின்று, ஒன்று கப்பல் என்றது, ஒன்று யானைக்குட்டி என்றது, ஒன்று எங்க அப்பா என்று மெதுவாகச் சொன்னது. சந்தனமாரி ஒவ்வொருவரிடமும் கேட்டாள், கேட்டு உள்ளே விட்டாள்.

பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு தெரு கொஞ்சம் ஓய்ந்தது. ஈட்டி கனமாகத்தான் இருந்தது. அவள் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முக்காலிக்குக் கீழே கிடந்த தாயக்கட்டையை எடுத்து, கை சும்மா இராமல், உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்து மண்ணில் உருட்டினாள்.

ஒரு கட்டையில் ஒன்று. மறு கட்டையில் வெறுமை.

முறை மாற்ற வந்துகொண்டிருந்த லிங்கதுரை அதைப் பார்த்துவிட்டார். "ஏ மாரி! தாயம்! ஒனக்குத் தாயம் விழுந்துட்டு!" என்று தெரு அதிரக் கத்தினார். தனக்கு விழுந்த அன்றைக்குக்கூட அவர் அப்படிக் கத்தியதில்லை. "எந்திரி, எந்திரி, உள்ள போ. நான் இருக்கேன்."

அவள் கட்டைகளைக் குனிந்து பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தன, இரண்டையும் அடக்கவில்லை. உள்ளே யாரோ யாரையோ உட்காரச் சொல்லித் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

"போறேண்ணே. அங்கன ஒரு ஆளு நிக்காவ பாருங்க, அவங்கள அனுப்பிட்டுப் போறேன்" என்றாள்.

மில்லுக்கு வந்த ஒரு பெண், கம்புச் சாக்கை இடுப்பில் வைத்தபடி, வாசலைப் பார்ப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோலத் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். சந்தனமாரி ஈட்டியை மடியில் போட்டுக்கொண்டு, "சாக்க எறக்கி வைங்கக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். "உள்ள என்ன இருக்கு? நீங்க சொல்லுங்க."